திருந்திய குடிகாரன் என்னும் கதை

நம் தெரு நாடகங்களிலும் சிறுகதைகளிலும் குடிகாரன் ஒரே மாதிரிதான் திருந்துகிறான். தாலி அடகுக்குப் போகும், பிள்ளை அழும், ஆஸ்பத்திரியில் படுப்பான், எழுந்துவந்து சத்தியம் செய்வான். முடிந்தது. அப்படி ஒரு நாடகத்தை நானே எழுதி ஏழெட்டு காலனிகளில் போட்டிருக்கிறேன். ஆகவே இந்த விமர்சனம் முதலில் என் மீதானது.

அதில் வரும் ஆள் என் சித்தப்பா. சாக்கடை அள்ளும் ஒப்பந்தக் கூலி. மூன்று முறை குடிநோய் வார்டில் இருந்து வந்தவர். நான் முதல் முறையோடு திரையை இழுத்துவிட்டேன். மூன்றாம் முறை அழைத்துப் போனபோது, "உன் நாடகத்துலதான் நான் திருந்திட்டேனே, அவனக் கூட்டிட்டுப் போயி படுக்க வையிடா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வார்டில் நடப்பது உடம்பிலிருந்து சாராயத்தை இறக்குவது மட்டும்தான். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் கைநடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம், உயிர்கூடப் போகலாம். அதைத் தாண்ட மாத்திரையும் பி1 ஊசியும் போடுகிறார்கள். பெரிய காரியம்தான். ஆனால் நோய் அங்கே முடிவதில்லை. வெளியே வந்த முதல் சில மாதங்களில்தான் பலர் திரும்பக் குடிக்கிறார்கள். தூக்கமின்மை, மனச்சோர்வு, வேலையின்மை, துணையின்மை, முன்பே பலமுறை வார்டுக்குப் போய்வந்தது எல்லாம் திரும்பத் தள்ளுகிறவை என்கிறது மருத்துவம். விட்டு விட்டுக் குடிக்கக் குடிக்க, அடுத்த முறை நிறுத்தும்போது வலிப்பு வரும் அபாயமும் கூடுகிறது. நாமோ மேடையில் 'மன உறுதி' என்று கத்திக்கொண்டிருக்கிறோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் 'குடித்த இடங்களையும் பழைய நண்பர்களையும் தவிர்க்கவும்' என்றிருந்தது. சித்தப்பா குடித்த இடம் அவர் வேலை செய்த இடம். எங்கே போய்த் தவிர்ப்பது? 2003 முதல் சில்லறைச் சாராயமும் அரசுடையது. கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கிறது. மேஸ்திரி கையில் காலை 6 மணிக்கே குவாட்டர் இருந்தது. "வெறும் வயித்துல அந்த நாத்தத்துல எறங்கிப் பாரு, அப்புறம் எழுது" என்பார். பாதுகாப்பின்றி ஆளைக் குழியில் இறக்கக் கூடாது என்று 2013லேயே சட்டம் வந்தாச்சு. அந்த வேலைக்கு எங்க தெருவிலிருந்து மட்டும்தான் ஆள் எடுத்தார்கள் என்பதையும் என் நாடகம் சொல்லவில்லை.

சாதியைக் காட்டிக் குடியை நியாயப்படுத்துகிறாயா என்று தோழர்கள் கேட்பார்கள். இல்லை. சின்னம்மா வாங்கிய அடியைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் நாடகத்தில் சின்னம்மாவுக்கு அழுகையைத் தவிர வசனமே கிடையாது. நிஜத்தில் அவர்தான் மேஸ்திரியிடம் தெருவில் நின்று சண்டை போட்டு, சித்தப்பாவைக் குழியிலிருந்து கூட்டும் வேலைக்கு மாற்றினார். பதினோரு மாதம் அவர் தொடாமல் இருந்தது அதற்குப் பிறகுதான்.

நாடகத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். சத்தியக் காட்சி முதலில் வருகிறது. மேஸ்திரி வேஷம் கட்டத்தான் ஆள் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் நாளைக்கு அவனிடம் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது.