தூணில் சாய்ந்து நின்றவர்

லீனா ஹார்ன் 1942-ல் எம்ஜிஎம் கம்பெனியில் ஒப்பந்தமானார். அதற்குப் பிறகு வந்த அவர் படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதிப் படங்களில் அவருக்குக் கதையே கிடையாது. வருவார், ஒரு தூணில் சாய்ந்து பாடுவார், போய்விடுவார். அமெரிக்கத் தென்மாநிலத் தியேட்டர்களில் கறுப்பினப் பெண் பாடும் காட்சியைக் கத்தரித்தாலும் கதை அறுந்துவிடக் கூடாதே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

அந்த அடக்கமான நிற்பையே அவருடைய பாணி என்று புகழ்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. வேறு வழி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். 1943-ல் வந்த 'கேபின் இன் த ஸ்கை' பாருங்க. முழுக்கக் கறுப்பின நடிகர்கள் நடித்த படம். அதில் ஜார்ஜியா பிரவுன் என்கிற மினுக்கியாக வருகிறார். நடை, குறும்பு, சீண்டல் எல்லாம் இருக்கு. அங்கே யாரும் அவரைத் தூணில் சாய்த்து வைக்கவில்லை. (அதிலும் குளியல் தொட்டியில் அவர் பாடிய ஒரு பாட்டை நீக்கிவிட்டார்கள். வெகுகாலம் கழித்து, 1994-ல் அது 'தட்ஸ் என்டர்டெயின்மென்ட் 3' படத்தில் இடம்பெற்றது.)

எனக்கு ஆறாத விஷயம் 'ஷோ போட்'. அதில் வரும் ஜூலி, வெள்ளைக்காரியாக வாழும் கலப்பினப் பெண். 1946-ல் 'டில் த கிளவுட்ஸ் ரோல் பை' படத்துக்குள் வரும் சின்னப் பகுதியில் ஜூலியாகப் பாடியது லீனாதான். 1951-ல் அதே எம்ஜிஎம் முழுப்படமாக எடுத்தபோது வேடம் ஏவா கார்ட்னருக்குப் போனது. கார்ட்னர் பாடியது போதாதென்று அனெட் வாரனின் குரலை ஒட்டினார்கள். முகத்துக்கு ஒருத்தர், குரலுக்கு இன்னொருத்தர்! ரெண்டும் சேர்ந்தே இருந்தவரைக் கூப்பிடவில்லை.