எதிராளியின் கணக்கேட்டிலிருந்தே ஒரு வழக்கு: ஐடா பி. வெல்ஸின் 'எ ரெட் ரெக்கார்ட்'

ஐடா பி. வெல்ஸ்னு தேடினா முதல்ல வர்றது ரயில் கதைதான். கறுப்பினப் பெண் என்பதால் பெண்கள் பெட்டியிலிருந்து இழுத்து வெளியேற்றினார்கள். வழக்குப் போட்டு 1884ல் 500 டாலர் நஷ்டஈடு ஜெயித்தார். 1887ல் டென்னசி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. நல்ல கதைதான், ஆனா அதோட நின்னுட்டா அவருடைய எழுத்தைத் தவறவிட்டுவிடுவோம். போன வாரம் அவருடைய 'எ ரெட் ரெக்கார்ட்' (1895) நூலை முழுசா வாசிச்சேன்.

கறுப்பின ஆண்களைக் கும்பல் சேர்ந்து கொல்வதற்கு அன்றைய தென்மாநிலங்கள் சொன்ன முக்கியமான நியாயம், 'வெள்ளைக்காரப் பெண்களைக் கெடுத்தார்கள்' என்பது. அதை மறுக்க வெல்ஸ் தன் பக்கத்து ஆட்களைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. வெள்ளையர் நடத்திய 'சிகாகோ ட்ரிப்யூன்' பத்திரிகை வெளியிட்ட பட்டியல்களையே எடுத்துக்கொண்டார். 1892ல் கும்பலிடம் உயிரிழந்த 241 பேரில் 160 பேர் கறுப்பினத்தவர். 1893ல் கொல்லப்பட்டவர்களைக் குற்றச்சாட்டு வாரியாகப் பிரித்து, பெயர், தேதி, ஊரோடு அடுக்குகிறார். வெள்ளையரை அவமதித்தது என்று ஒரு தலைப்பு. குற்றமே இல்லை என்றும் ஒரு தலைப்பு! அந்தப் பக்கங்களில் அவர் குரலை உயர்த்தவே இல்லை. பட்டியலே பேசுது.

குறை இல்லாமல் இல்லை. பத்திரிகையில் வராத கொலைக்கு இந்த நூலில் ஒரு வரிகூடக் கிடையாது. 'மிகைப்படுத்துகிறாள்' என்று யாரும் சொல்லிவிடாதபடி எதிராளியின் கணக்கையே எடுத்ததற்குக் கொடுத்த விலை இது. இன்னொன்று, மதுவிலக்கு இயக்கத் தலைவி ஃபிரான்செஸ் வில்லார்டோடு மல்லுக்கு நிற்கும் அத்தியாயம். முதல் வாசிப்பில், சொந்தச் சண்டையை எதுக்கு இங்கே கொண்டுவர்றாங்கன்னு தோணுச்சு.

பிறகு அவருடைய சுயசரிதை ஞாபகத்துக்கு வந்தது. ஒரு காலத்தில் தானும் அந்தக் குற்றச்சாட்டை நம்பியதாக வெல்ஸ் அதில் ஒப்புக்கொள்கிறார். நெருப்பில்லாமல் புகையுமா என்கிற அதே நினைப்பு. 1892 மார்ச்சில் மெம்ஃபிஸில் அவருடைய நண்பர் தாமஸ் மாஸையும் இன்னும் இரண்டு பேரையும் சிறையிலிருந்து இழுத்துப்போய்ச் சுட்டுக் கொன்றார்கள். மாஸ் மளிகைக்கடை பங்குதாரர். அந்தக் கடை பக்கத்து வெள்ளைக்காரர் கடைக்குப் போட்டியாக இருந்தது. எந்தப் பெண்ணும் இதில் சம்பந்தப்படவில்லை. அதன் பிறகுதான் வெல்ஸ் ஒவ்வொரு வழக்காகத் தோண்டத் தொடங்கினார். மே மாதம், அவர் ஊரில் இல்லாத நேரத்தில், அவருடைய பத்திரிகை அலுவலகத்தைக் கும்பல் நாசம் செய்தது.

இதை வைத்துப் பார்த்தால் வில்லார்ட் அத்தியாயம் இடம் மாறி வந்ததல்ல. கொலைகாரனைத் திருத்த வெல்ஸ் எழுதவில்லை. ஒருகாலத்தில் தான் இருந்த இடத்தில் இன்னும் இருக்கும் நல்லவர்களோடுதான் அவருக்கு வழக்கு. என் தீர்ப்பை மாற்றிக்கொள்கிறேன்: நூலின் நிதானம் அங்கே குறைவது உண்மை, ஆனால் அந்த அத்தியாயம் தேவை.

இருபது வருஷமா அடுத்தவங்க நிரப்பின டேபிள்களைக் கூட்டிக் கழிச்சுச் சம்பளம் வாங்குறவன் நான். 'காரணம்'னு ஒரு காலம் இருக்கும். அதை யார் நிரப்பினாங்க, எதை வச்சு நிரப்பினாங்கன்னு நான் கேட்டது ரொம்பக் குறைவு. வெல்ஸ் செய்தது அந்த ஒரு காலத்தைக் கேள்வி கேட்டதுதான். நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்குது. பட்டியலைத் தாண்டிப் போயிடாம, பெயர் பெயரா வாசிங்க.