இனப்பெயர்களும் தமிழ் வழக்கும்: காப்பிரி, கறுப்பர், சித்தி

ஓர் இனத்தார் தம்மைக் குறித்துக்கொள்ளும் பெயரும் அயலார் அவர்க்கு இடும் பெயரும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதி எம்மொழியிலும் இல்லை. முன்னதைத் தற்பெயர் என்றும் பின்னதைப் பிறர்பெயர் என்றும் இக்கட்டுரை குறிக்கும். இவ்வேறுபாட்டைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தமிழரைத் தெலுங்கர் 'அரவவாள்ளு' என்பர். தமிழை 'அரவம்' என்பர். தெலுங்கரை 'வடுகர்' எனல் பழந்தமிழ் வழக்கு. (சென்னைப் பேச்சில் அவர்க்கு வழங்கும் இழிசொல்லை இங்கு எடுத்தெழுத வேண்டுவதில்லை.) அரவம் என்பதன் மூலத்தைப் பற்றி அறிஞர் ஒருமித்த கருத்துடையவரல்லர். ஆயினும் சித்தூர்த் தமிழர் தெலுங்கில் உரையாடும்போது தம்மையே 'அரவவாள்ளம்' என்று சொல்லிக்கொள்வதுண்டு; அதே சொல் சண்டையில் வரின் சினங்கொள்வதும் உண்டு. ஆகவே ஓர் இனப்பெயர் இழிவானதா அன்றா என்பதை அதன் வேர்ச்சொல் தீர்மானிப்பதில்லை. யார், யாரிடம், எம்மொழியில், எச்சூழலில் வழங்குகிறார் என்பதே தீர்மானிக்கிறது.

ஆப்பிரிக்க வழித்தோன்றல்களைத் தமிழ் உரைநடை எவ்வாறு பெயரிட்டு வந்துள்ளது என்பதை இந்த அளவுகோல்கொண்டு நோக்கின் சில குறைகள் புலப்படும். இவருள் இரு திறத்தார் உளர். ஒரு திறத்தார் பிறர் கையால் விற்கப்பட்டுக் கடல் கடந்தவரின் மரபினர். மற்றொரு திறத்தார் கல்வி, தொழில், வணிகம் கருதித் தாமே பெயர்ந்தவர். பின்னவர்க்கு நாட்டுப்பெயரும் இனப்பெயரும் மொழிப்பெயரும் கைவசம் உண்டு. இக்போ என்றோ அம்ஹாரா என்றோ அவர் தம்மைச் சொல்லிக்கொள்ள இயலும். முன்னவர்க்கு அப்பெயர்கள் விற்பனையின்போதே அறுபட்டுப் போயின. அறுபட்ட இடத்தில் வைக்கப்படும் எப்பெயரும் வழக்குக்குரியதாகவே இருக்கும். தமிழ் எழுத்தாளர் பலர் இவ்விரு திறத்தாரையும் ஒரே சொல்லால் சுட்டிவிட்டு மேலே செல்கின்றனர்.

காப்பிரியும் காப்பிலியும்

தமிழில் இப்பொருட்கு வழங்கிய பழைய சொல் 'காப்பிரி'. அரபுமொழியில் சமய நம்பிக்கையற்றவரைக் குறிக்கும் 'காஃபிர்' என்பதே இதன் மூலம். கிழக்காப்பிரிக்கக் கரையில் அரபு வணிகர் இசுலாமியரல்லாத மக்களை அவ்வாறு அழைக்க, போர்த்துக்கீசியர் அதனை இனப்பெயராகக் கொண்டு இந்துமாக்கடல் எங்கும் பரப்பினர். தமிழில் இச்சொல் பெற்ற மாற்றம் இலக்கண நெறிப்பட்டதே. தமிழில் இல்லாத ஃபகரம் 'ப்ப' என இரட்டித்தது. ஒற்றைப் பகரமாக நின்றிருப்பின் இருபுறமும் உயிர்வர ஒலிப்புடைய ஒலியாகத் திரிந்திருக்கும். 'காப்பி' என்னும் குடிபானத்தின் பெயரிலும் இதே நிகழ்ச்சியைக் காணலாம். இறுதி இகரத்தை நோக்கின், சொல் அரபியிலிருந்து நேரே வந்ததினும் போர்த்துக்கீசிய வடிவத்தின் வழியே வந்தது எனக் கொள்ளலே பொருந்தும்.

ஈழத்தமிழில் இது 'காப்பிலி' ஆயிற்று. ரகர லகரப் போலி மட்டுமே இதற்குக் காரணம் என்று அமைதல் போதாது. '-இரி' என்னும் ஈறு தமிழர்க்குப் பொருள் தருவதன்று, '-இலி' தரும். ஏதிலி, நாதியிலி என்னும் சொற்களோடு ஒப்புமை கொண்டு, 'காப்பு இல்லாதவர்' என்னும் பொருள் நிழலாடுமாறு சொல் திரிந்திருத்தல் கூடும். இது மக்கள் வழிச் சொற்பிறப்பு. மெய்யான மூலம் அன்று. எனினும் கேட்போர் மனத்தில் வேலை செய்வது பெரும்பாலும் இத்தகைய பொய்மூலமே.

இலங்கையில் புத்தளத்தை அடுத்த சிறாம்பியடி முதலிய இடங்களில் வாழும் இவ்வினத்தார், போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோரால் அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவரப்பட்டோரின் வழியினர். போர்த்துக்கீசியக் கலப்புமொழியில் அமைந்த 'மாஞ்ச' என்னும் பாடல்மரபு அவர்களிடம் எஞ்சியுள்ளது. அவர்கள் தம்மைக் 'காஃபிர்' என்றே கூறிக்கொள்கின்றனர். அதில் இழிவு காண்பதில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் இதே சொல் வாயெடுத்துச் சொல்லத்தகாத வசை. 2018-இல் அந்நாட்டு நீதிமன்றம் ஒன்று, காவலர்மீது இச்சொல்லைத் திரும்பத் திரும்ப எறிந்த ஒருவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. இந்தியாவுக்குள்ளேயே வேறொரு காட்சியும் உண்டு. கொச்சி மட்டாஞ்சேரியில் 'காப்பிரி முத்தப்பன்' வழிபடப்படுகிறார். 1663-இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றியபோது, ஓடிய போர்த்துக்கீசியர் தம் ஆப்பிரிக்க அடிமைகளைக் கொன்று புதையலோடு புதைத்தனர் என்றும், அவர்தம் ஆவியே புதையலைக் காக்கிறது என்றும் அவ்வூரார் கூறுவர். கள்ளும் சுருட்டும் படையல். ஒரு சொல் ஓரிடத்தில் குற்றம், ஓரிடத்தில் தற்பெயர், ஓரிடத்தில் தெய்வம். 'காப்பிரி: ஆப்பிரிக்கன்' என்று ஒருவரியில் பொருள் எழுதும் அகராதி இவற்றுள் எதனையும் தெரிவிப்பதில்லை. வழக்கிடம், வழங்குவோர், மதிப்புநிலை ஆகியவற்றைச் சுட்டும் குறியீடுகள் இனப்பெயர்ப் பதிவுகட்கு இன்றியமையாதன.

வடஆர்க்காட்டிலிருந்து நேட்டாலுக்கு

இச்சொல்லின் வரலாற்றில் இப்பகுதி மக்களுக்கும் பங்கு உண்டு. 1911-இல் தனி மாவட்டம் அமையும்வரை சித்தூரே வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற 'துரூரோ' என்னும் கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் சென்ற 1,52,184 இந்தியருள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தின் வழிச் சென்றவர். வடஆர்க்காட்டுத் தமிழரும் தெலுங்கரும் அவருள் கணிசமானோர். ஆங்கு அவர்க்கு இடப்பட்ட பெயர் 'கூலி'. தமிழில் உழைப்பின் ஊதியத்தைக் குறித்த சொல், வெள்ளையர் வாயில் ஓர் இனத்தின் பெயராயிற்று. கூலி என்று அழைக்கப்பட்டோரிடையே மண்ணின் மைந்தரைக் காஃபிர் என்று அழைக்கும் வழக்கும் நிலைபெற்றது. காந்தியடிகளின் தொடக்ககாலத் தென்னாப்பிரிக்க எழுத்துகளிலும் அச்சொல் உண்டு. கானாப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து அவர் சிலை 2018 திசம்பரில் அகற்றப்பட்டமைக்கு அவ்வெழுத்துகளே காரணமாயின. 'அக்காலத்து வழக்கு அது' என்னும் விடையை நம்மவர் பலர் கூறினர். அவ்விடையில் உண்மை உண்டு. ஆனால் 'கூலி' என்பதும் அக்காலத்து வழக்கே; அதனை அத்துணை எளிதாக நாம் மன்னிப்பதில்லை.

பெயர் ஒன்று ஒரு மக்கட்கூட்டத்தையே இடம்பெயர்த்த நிகழ்ச்சியும் அங்கு உண்டு. 1873 முதல், அடிமைக் கப்பல்களிலிருந்து ஆங்கிலக் கடற்படையால் மீட்கப்பட்ட மக்குவா மொழியினர் சான்சிபார் வழியாக டர்பனில் குடியமர்த்தப்பட்டனர். 'சான்சிபாரியர்' எனப் பெயர்பெற்ற அவ்விசுலாமியர், நிறவெறி ஆட்சியின் பட்டியலில் எக்கட்டத்திலும் அடங்கவில்லை. 1961-இல் அவர்களைப் 'பிற ஆசியர்' என வகைப்படுத்தினர். அதன் பயனாக அவர்கள் இந்தியர்க்கு ஒதுக்கப்பட்ட சாட்சுவொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டனர். ஆப்பிரிக்காவில் பிறந்து, ஆப்பிரிக்கமொழி பேசிய ஆப்பிரிக்கர் ஆசியராயினர். தமிழரும் தெலுங்கரும் அவர்தம் அண்டைவீட்டாராயினர்.

அடிமை என்னும் சொல்

ஆங்கிலத்தில் அண்மைக் காலத்தே 'அடிமை' என்னாது 'அடிமைப்படுத்தப்பட்டோர்' என்னும் பொருள்தரும் தொடரையே வரலாற்றாசிரியர் விரும்புகின்றனர். தமிழில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்ட இயலும். '-மை' ஈறு பண்பையோ நிலையையோ குறிப்பது. 'அடிமை' எனும் நிலைப்பெயர் ஆகுபெயராய் ஆளைக் குறிக்கிறது. ஆளே நிலையாகிவிடுகிறான், பன்மையிலும் 'அடிமைகள்' என அஃறிணைக்குரிய கள்ளீறே ஏற்கிறது. ஆயினும் திருவேங்கடத்தின் அடிவாரத்தில் இருந்துகொண்டு இச்சொல்லை முற்றும் இழிசொல் என்று எழுதுவது பொருந்தாது. வைணவ மரபில் அடிமை என்பது தொண்டு, விரும்பி வேண்டப்படும் பேறு. 'அடியேன்' என்பது தற்பெயர். தானே மேற்கொண்ட அடிமைக்கும் பிறர் சுமத்திய அடிமைக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பதால், வரலாற்று நூல்களில் 'அடிமைப்படுத்தப்பட்டோர்' என்னும் நீண்ட வடிவத்தை மேற்கொள்வது வெறும் ஆங்கிலப் பின்பற்றல் ஆகாது. தமிழுக்கே தேவையான பொருள்வரையறை ஆகும்.

அமெரிக்க வழக்குகளை மொழிபெயர்ப்பதில் வேறு இடர்ப்பாடுகள் உள்ளன. 'நீக்ரோ' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்க நியூயார்க் டைம்சு நாளிதழ் 1930-இல் உடன்பட்டது பெருவெற்றியாகக் கருதப்பட்டது. 1966-க்குப் பின் இளைஞர் அச்சொல்லையே வேண்டா என்றனர். 1988-இல் செசி சாக்சன் 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என்பதை முன்மொழிந்தார். 2020-இல் அசோசியேட்டடு பிரசு நிறுவனம் 'கறுப்பர்' என்னும் பொருளுடைய சொல்லைப் பெரிய எழுத்தில் எழுத முடிவு செய்தது. தமிழ் எழுத்தில் பெரிதும் சிறிதும் இல்லை. அப்போராட்டத்தின் பாதி நம் எழுத்தில் மறைந்துவிடும். மார்ட்டின் லூதர் கிங்கின் 1963-ஆம் ஆண்டுப் பேச்சை மொழிபெயர்ப்போர் அவர் வழங்கிய 'நீக்ரோ'வை 'ஆப்பிரிக்க அமெரிக்கர்' என மாற்றுவது நாகரிகம் போலத் தோன்றினும் பிழையே. அவர் காலத்து மதிப்புச்சொல் அது.

'கறுப்பர்' என்பதோ வேறொரு வினாவை எழுப்புகிறது. கறுப்பு என்பது நிறத்தையன்றி வெகுளியையும் குறிக்கும் என்பது தொல்காப்பியம் உரியியலில் காணும் செய்தி. கருப்பன், கருப்பாயி என்பன நம் ஊர்ப்பெயர்கள். கருப்பண்ணசாமி நம் காவல்தெய்வம். நிறத்தால் பெரும்பாலும் கருமையரான தமிழர், வேறொரு மக்களை மட்டும் 'கறுப்பர்' என்று எழுதும்போது எங்கு நின்று நோக்குகின்றனர்? வெள்ளையர் நின்ற இடத்தில் நின்றே நோக்குகின்றனர். மூலத்தின் சொல்லோடு மூலத்தாரின் பார்வைநிலையும் பெயர்ந்து வந்துவிடுகிறது. தாமே அப்பெயரை உரிமைச்சொல்லாக ஏந்திய அமெரிக்கரைக் கறுப்பர் எனல் தகும். சென்னையில் பயிலும் கென்ய மாணவரை அவ்வாறு எழுதுவதற்கு நியாயம் இல்லை. அவர் கென்யர்.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தலின் விளைவு சொல்லளவில் நிற்பதன்று. 2016 சனவரி இறுதியில் பெங்களூரில் சூடான் நாட்டவர் ஒருவர் ஓட்டிய கார் மோதிப் பெண்ணொருவர் இறந்தார். சற்றுநேரங் கழித்து அவ்வழியே வந்த தான்சானிய மாணவி தாக்கப்பட்டார். கூட்டத்தினர்க்கு இருவரும் 'ஆப்பிரிக்கர்'. மறுதலையாக, 2020-இல் கமலா ஆரிசு அமெரிக்கத் துணைக்குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது நம் இதழ்கள் துளசேந்திரபுரத்தை மட்டும் எழுதின. சமேக்காவில் பிறந்த தந்தை வழி ஒருவரியோடு நின்றது. அவர் தம்மைக் கறுப்பர் என்றும் தென்னாசியர் என்றும் இருவகையாகவும் குறித்துக்கொண்டவர்.

சித்தியர்

இந்தியாவில் இப்பொருளின் நடுவிடம் சித்தியர்க்கே உரியது. 'ஹப்ஷி' என்பது அபிசீனியாவைக் குறிக்கும் அரபுச் சொல்லடியாய்ப் பிறந்தது. 'சித்தி' என்பது 'என் தலைவன்' என்னும் பொருளுடைய அரபுத்தொடரின் திரிபு எனப் பலர் கருதுவர். கருத்து வேறுபாடும் உண்டு. விற்கப்பட்ட மக்களுக்குத் தலைவன் என்னும் பெயர் வந்தது முரணாயினும், எத்தியோப்பியாவில் பிறந்து பலமுறை விற்கப்பட்டு அகமதுநகர் அரசின் ஆட்சியைக் கைக்கொண்ட மாலிக் அம்பரையும், சஞ்சீரா, சச்சின் ஆகிய அரசுகளையும் எண்ணின் அத்துணை வியப்புக்குரியதன்று. ஐதராபாத்தில் நிசாமின் ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர் வாழ்ந்த பகுதி இன்றும் 'ஏ.சி. கார்ட்சு' எனப்படுகிறது. அவ்வெழுத்துகளின் விரிவு அவ்வூராருள் எத்துணைப் பேர்க்குத் தெரியும்!

கர்நாடகத்துச் சித்தியர் இந்து, இசுலாம், கிறித்தவம் ஆகிய மூன்று சமயத்தினர்; கொங்கணி, கன்னடம், உருது பேசுவோர். சமயமும் மொழியும் பிரித்தவரைப் பெயரே இணைக்கிறது. அதனைக் குடிப்பெயராகத் தம் பெயர்க்குப்பின் இணைத்துக்கொள்கின்றனர். 2020-இல் கர்நாடக மேலவைக்கு நியமிக்கப்பெற்ற சாந்தாராம் சித்தியின் பெயர் அவ்வகையது. 2003-இல் வடகன்னட மாவட்டச் சித்தியர் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். குசராத்தில் சில மாவட்டத்தார்க்கு அவ்வுரிமை முன்பே உண்டு. ஆந்திர, தெலங்கானப் பட்டியல்களில் இப்பெயரே இல்லை. ஒரே மரபினர் ஓரெல்லையில் பழங்குடியினர், மற்றோரெல்லையில் அல்லர். சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜா முதலியோர் வேண்டுகோளால் 1922-இல் 'ஆதிதிராவிடர்' என்னும் பெயரை அரசு ஏற்றதையும், தெலுங்குப்பகுதியில் 'ஆதி ஆந்திரர்' எழுந்ததையும், இரு பெயரும் சித்தூரில் அருகருகே சான்றிதழ்களில் வழங்குவதையும் அறிந்தவர்க்கு, இனப்பெயர் என்பது மரியாதைச் சிக்கல் மட்டும் அன்று என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இறுதியாக எழுத்துமுறை பற்றி ஒன்று. தமிழில் 'சித்தி' சிற்றன்னையையும் கைகூடலையும் குறிக்கும். 'சித்திகள்' என்றால் எட்டு வகைச் சித்திகளே நினைவுக்கு வரும். 'சித்தர்' என்று திருத்திவிடும் மெய்ப்புநோக்குநரும் உளர். கன்னடத்தில் உள்ள ஒலிப்புடைய இரட்டைத் தகரத்தை நம் எழுத்தால் காட்ட இயலாது. 'த்த' என எழுதின் ஒலிப்பிலா ஒலியாகவே படிப்பர். உருது வடிவத்தை ஒட்டிச் 'சீதி' என எழுதின் ஒலி நெருங்கும், மயக்கமும் நீங்கும். ஆனால் கர்நாடகத்தார் தம் பெயர்க்குப்பின் எழுதுவது அவ்வடிவம் அன்று. ஆதலின் பன்மைக்குச் 'சித்தியர்' என உயர்திணை ஈறு தந்தும், ஒருமைக்குச் 'சித்தி இனத்தவர்' என விரித்தும் எழுதுதல் தகும். ஆட்பெயரின் பின் வருமிடத்து மட்டும் 'சித்தி' என்றே நிறுத்துக.