யூதர் இல்லாத ஊரில் யூத வெறுப்பு

சானமாவில் சென்ற ஆண்டு நடந்த பள்ளி விழாவில் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தின் நீதிமன்றக் காட்சியை எம் மாணவர்கள் நடித்தனர். கத்தி தீட்டினான் ஷைலாக், கூட்டம் சீறிற்று. வாதாடினாள் போர்ஷியா, கூட்டம் மகிழ்ந்தது. சொத்தைப் பறித்தனர், மதம் மாறு என்றனர், கூனிக் குறுகி நின்றான் கிழவன். கூரை அதிரக் கைதட்டல்! தட்டிய கைகளில் என் கைகளும் உண்டு, தோழர்களே. காட்சியைப் பயிற்றுவித்தவனும் நானே!

மறுநாள் வகுப்பிலே கேட்டேன், "யூதர் என்போர் யார்?" என்று. தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டிலே பேசும் பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள்: "வட்டிக்காரங்க, சார்!" யூதர் ஒருவரையேனும் அவர்கள் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. காணாத மக்கள்மீது இத்துணை உறுதியான தீர்ப்பு எங்கிருந்து வந்தது? ஒரு மாலைப் பொழுதில், ஒரு மேடையிலிருந்து வந்தது.

ஷேக்ஸ்பியரின் இங்கிலாந்தும் இப்படித்தான் இருந்தது. மன்னன் முதலாம் எட்வர்ட் 1290இல் யூதரை நாட்டைவிட்டே துரத்தினான். அவர்கள் திரும்ப வழி பிறந்தது 1656இல். நாடகம் எழுதப்பட்டதோ 1596ஐ ஒட்டி! வெளிப்படையாக யூதராய் வாழ ஒருவருக்கும் உரிமையற்ற நாட்டில், யூதனை மேடையேற்றி எள்ளி நகையாடினர். அவன் வட்டிக்கு விட்டான் என்கிறோம், ஏன் விட்டான்? ஐரோப்பாவின் பல பகுதிகளில் யூதருக்கு நிலம் வைத்திருக்கத் தடை, தொழிற்சங்கங்களில் சேரத் தடை. வெனிஸ் நகரம் 1516இல் அவர்களைத் தனிப்பகுதியில் அடைத்து, இரவிலே கதவைப் பூட்டிற்று. 'கெட்டோ' என்ற சொல் அங்கே பிறந்தது. ஊருக்கு வெளியே சேரி வைத்த நாட்டவர்க்கு அதன் பொருளை விளக்க அகராதியா வேண்டும்?

கவிஞரை முற்றாகக் குற்றஞ்சாட்ட என் மனம் ஒப்பவில்லை. அன்டோனியோ தன்மீது துப்பியதை ஷைலாக் நேருக்கு நேர் கேட்கும் இடம் முதல் அங்கத்தில் உண்டு. தானும் மனிதனே என்று அவன் குமுறும் இடம் மூன்றாம் அங்கத்தில் உண்டு. நேரம் போதாதென்று இரண்டையும் வெட்டியவன் நான்! வெட்டியபின் எஞ்சியது வெறும் கத்தியும் தராசும்தான்.

நடிப்பாலே கெடுத்தவர்களும் உண்டு. 1943 மே மாதம், வியன்னா பர்க் தியேட்டரில் இதே நாடகம். வெர்னர் கிராவ்ஸ் என்ற பெருநடிகர், காண்போர் அருவருக்கும்படி ஷைலாக்கை நடித்துக் காட்டினார். அதற்குள் அந்நகர யூதரிற் பெரும்பாலோர் ஓடிப் பிழைத்திருந்தனர், அல்லது கொலைக்களத்துக்கு ரயிலேற்றப்பட்டிருந்தனர். ஆஸ்திரிய யூதருள் மாண்டவர் ஏறத்தாழ 65,000 பேர். ஐரோப்பா முழுவதும் சுமார் 60 இலட்சம் பேர். ஆளில்லாத நகரில் அவர்களைக் காட்டி வெறுப்பை வளர்த்தது அரங்கம்!

கொன்றவர்கள் தங்களை ஆரியர் என்றனர். 1935ஆம் ஆண்டு நியூரம்பெர்க் சட்டம், பாட்டன் பாட்டியர் யாரென எண்ணிப் பார்த்து மனிதனின் உரிமையைத் தீர்மானித்தது. பிறப்பை அளவுகோலாக்கும் சட்டத்தை மனுவின் பெயரால் நாம் அறிவோம், எதிர்த்தும் வருகிறோம். அந்த நம் மேடைகளிலேயே, கந்துவட்டிக்காரனைத் திட்ட 'ஷைலாக்' என்ற சொல்லைத் தயக்கமின்றி எடுத்தாள்கிறோம். 1940இல் செருகளத்தூர் சாமா நடித்து அப்பெயரிலேயே திரைப்படமும் வந்தது. வட்டிக்காரனைச் சாடுக, வேண்டாமென்பார் யார்? ஓர் இனத்தின்மீது ஏற்றப்பட்ட வசையை அதற்கு ஏன் கடன் வாங்க வேண்டும்?

யூதர் நமக்கு அயலாருமல்லர். 1688இல் அமைந்த சென்னை மாநகராட்சியின் முதல் ஆல்டர்மன்களுள் யூத வணிகரும் இருந்தனர். அவர்தம் பவழ வணிகத்தைப் பவழக்காரத் தெரு இன்றும் நினைவூட்டுகிறது. கொச்சியில் 1568இல் எழுந்த அவர்களது தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது.

ஆயினும், 2008 நவம்பரில் பம்பாயைத் தாக்கியவர்கள் நரிமன் இல்லத்தைத் தேடிச் சென்றனர். மதகுரு கேவ்ரியல் ஹோல்ட்ஸ்பெர்க், அவர் மனைவி ரிவ்கா உட்பட அறுவரை அங்கே கொன்றனர். இரண்டு வயது நிரம்பாத மகன் மோஷேயைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவர், தாதி சாண்ட்ரா சாமுவேல்.

"இஸ்ரேல் அரசு செய்வதைப் பாரீர்" என்று இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார். பார்ப்போம், காசாவில் மாளும் குழந்தைக்காகக் குரலும் கொடுப்போம். ஓர் அரசின் செயலுக்கு, உலகின் எங்கோ உள்ள யூதக் குடும்பத்தைப் பிறப்புக் கருதிப் பொறுப்பாக்குவது எந்தப் பகுத்தறிவு?

ஆஷ்விட்ஸ் முகாம் 1945 ஜனவரி 27இல் மீட்கப்பட்டது. அந்நாளை நினைவு நாளாக ஐ.நா. 2005இல் அறிவித்தது. நம் படிப்பகங்கள் அன்று மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் என்ன?

இவ்வாண்டும் எங்கள் பள்ளியில் அதே நாடகம்தான். வெட்டிய இரு இடங்களையும் சேர்த்துவிட்டேன். மதம் மாறச் சொல்லும் கட்டத்தை எப்படி நடிப்பதென்று போர்ஷியா வேடமிடும் மாணவியைக் கேட்டேன். "அங்க நாங்க யாரும் சிரிக்க மாட்டோம், சார். சும்மா நின்னுக்கிட்டு அவரையே பார்க்கிறோம்" என்றாள். வெள்ளிக்கிழமை ஒத்திகை.