அரைப்புள்ளி பற்றி ஒரு குறிப்பு

என் கதை ஒன்றைப் பிரசுரித்த பத்திரிகை அதிலிருந்த ஓர் அரைப்புள்ளியை எடுத்துவிட்டது. நான் எழுதியது: 'அப்பா இறந்துபோனார்; நான் ஊருக்குப் போகவில்லை.' அச்சில் வந்தது: 'அப்பா இறந்தும் நான் ஊருக்குப் போகவில்லை.'

திருத்தியவர் இலக்கணப் பிழை எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்த 'உம்' மகனை விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. 'இறந்ததால்' என்றால் வேறொரு தீர்ப்பு. முற்றுப்புள்ளி வைத்திருந்தால் இரண்டும் தனித்தனித் தகவல்களாகியிருக்கும். இரண்டுக்கும் உறவு உண்டு, அது இன்னதென்று நான் சொல்வதற்கில்லை என்று காட்ட எனக்கு இருந்தது அந்த ஒரு குறிதான்.

தமிழ் வாக்கியம் எச்சங்களால் நடப்பது. செய்து, செய்ய, செய்தால், செய்தும் என்று வினைகள் கடைசி முற்றின்மீது சாய்ந்து நிற்கின்றன. காரணம், நிபந்தனை, முரண் எல்லாம் விகுதியிலேயே வந்துவிடுகின்றன. நிறுத்தக்குறிகள் இல்லாமலே ஓலையில் காரியம் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1496இல் வெனிஸில் ஆல்டஸ் மனுஷியஸ் அச்சிட்ட, எட்னா எரிமலை பற்றிய பியத்ரோ பெம்போவின் புத்தகத்தில் தோன்றிய குறி இது. நமக்கு வந்து சேர்ந்தது அச்சோடு. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822-1879) போன்றவர்களின் உரைநடையில் நிறுத்தக்குறிகள் ஊன்றிக்கொண்டன.

நாம் வைத்த பெயர்கள் அளவுப் பெயர்கள்: கால், அரை, முக்கால், முற்று. மூச்சை எவ்வளவு நேரம் நிறுத்துவது என்ற கணக்கு. இந்தக் கணக்கே நம்மைக் குழப்பியிருக்கிறது. காற்புள்ளியைவிடச் சற்று அதிகம் நிறுத்த வேண்டிய இடம் என்று எண்ணி, 'அவன் எழுந்து; முகம் கழுவி; வெளியே போனான்' என்று எழுதுகிறோம். எச்சத்துக்குப் பின் அரைப்புள்ளிக்கு வேலை கிடையாது. அதன் இருபுறமும் தனியே நிற்கக்கூடிய முற்று வாக்கியங்கள் வேண்டும். உள்ளே காற்புள்ளிகள் கொண்ட நீண்ட பட்டியலைப் பகுப்பது அதன் இன்னொரு வேலை. அது குமாஸ்தா வேலை. 'ஆனால்', 'எனவே' என்று போட்டுவிட்டாலோ உறவைச் சொல்லே சொல்லிவிடுகிறது, குறி வெறும் மூச்சாக மிஞ்சுகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கில வாக்கியத்தின் அரைப்புள்ளிகளை எண்ணிக்கை குறையாமல் இறக்கிவைக்கிறார்கள். எச்சத்தால் ஓட வேண்டிய வாக்கியம் இடறி இடறி நடக்கிறது. நம் எழுத்தாளர்கள் சிலருக்கு இந்த இடறலே ஆழமாகப் படுகிறது. யோசித்து எழுதியதுபோன்ற தோற்றம் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

இதை எழுதும்முன் என் கதையைத் திரும்பப் படித்தேன். பதினொரு அரைப்புள்ளிகள். எட்டு இடங்களில் உறவு என்னவென்று எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டது பாசாங்கு. அந்த எட்டையும் எச்சமாக்கினேன். பத்திரிகை நீக்கியதை மட்டும் என் பிரதியில் திரும்பவும் வைத்தேன். அந்த மகன் ஏன் போகவில்லை என்பது எழுதிய எனக்கு இன்றும் தெரியாது.