காற்றை வெளியேற்றும் வித்தை

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில், 14 கிலோமீட்டர் கிரிவலத்தை முடித்துவிட்டு, பாயும் ஸ்டவ்வும் பாத்திரங்களுமாக நடமாடும் குடித்தனமாகவே மாறிவிட்ட டீசல் வேனில் ஊர் திரும்பலாம் என்று நாங்கள் ஏறி உட்கார்ந்தபோது, செல்ஃப் மட்டும் சுற்றிற்றே தவிர, வண்டி கிளம்புகிற வழியைக் காணோம். அருணாசலத்தை விட்டுப் போக அதற்கும் மனமில்லை போலும்!

வந்து சேர்ந்த மெக்கானிக், எதையும் தொடுவதற்கு முன்னால், சாவியைத் திருகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்.

"செல்ஃப் நல்லா சுத்துது, பேட்டரியில குறையில்லைங்க. சைலன்சர்ல புகையே வரல. டீசல் போய்ச் சேரல."

பெட்ரோல் யந்திரத்தைப் போல் டீசலுக்குத் தீப்பொறி தேவையில்லை. 1897-ல் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய காலம் முதல், நெருக்குண்ட காற்றின் உஷ்ணத்திலேயே எண்ணெய் பற்றிக்கொள்கிறது. ஆனால் அதே காற்று எண்ணெய்க் குழாயில் புகுந்துவிட்டாலோ, பம்பின் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே விரயமாகிவிடும்.

ஃபில்டரின் மேலுள்ள திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்திக் கைப்பம்பை அவர் அமுக்க அமுக்க, முதலில் நுரையும், பிறகு குமிழிகளும், கடைசியில் தெளிந்த தாரையுமாக டீசல் வழிந்தது. தாரை வழிந்துகொண்டிருக்கும்போதே திருகாணியை இறுக்கினாரே, அந்த க்ஷணத்தில்தான் இருக்கிறது சூக்ஷ்மம். நின்ற பிறகு இறுக்கினால் காற்று மறுபடி உள்ளே போய்விடும்.

மூன்றாம் முயற்சியில் வண்டி உறுமிற்று. காற்றுக்கு வழிவிட்டது, ஃபில்டரில் தேய்ந்து கிடந்த ஒரு ரப்பர் வாஷர்.