பரமார்த்த குரு கதை: பதிப்புகளும் நகையின் இலக்கும்

வீரமாமுனிவரின் (1680–1747) ‘பரமார்த்த குரு கதை’ தமிழ் உரைநடையின் தொடக்ககால நகைச்சுவைப் புனைவுகளுள் ஒன்று. இதன் நகை யாரை நோக்கியது என்னும் வினாவிற்குப் பதிப்புகள் வெவ்வேறு விடை தருகின்றன.

1822இல் பெஞ்சமின் பாபிங்டன் இலண்டனில் வெளியிட்ட பதிப்பு, தமிழ் மூலத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், முதற்கதையின் பகுப்பாய்வு ஆகியவற்றைக் கொண்டது. இங்குக் கதை, தமிழ் பயிலும் ஐரோப்பியருக்கான பாடநூலாகின்றது. நகை பாடத்தை இனிதாக்கும் கருவி. 1826இல் அபே துபுவா இதனைப் பிரெஞ்சில் பெயர்த்து, பஞ்சதந்திரக் கதைகளோடு ஒரே நூலாகப் பாரிசில் வெளியிட்டார். அச்சேர்க்கையால் ஒரு பாதிரியாரின் அங்கதம் இந்தியக் கதைமரபின் கூறாகத் தோற்றம் கொள்கின்றது.

கொள்ளிக்கட்டையால் ஆற்றின் உறக்கத்தைச் சோதிக்கும் நிகழ்ச்சியை மட்டும் தனித்தெடுத்துத் தரும் சிறுவர் வடிவங்களிலோ, மட்டி, மடையன் முதலிய சீடர் ஐவரின் அறியாமையே எஞ்சுகின்றது. முழுநூல் குருவின் மரணத்தில் முடிகின்றது. ஆராயாது நம்பியதன் விளைவு அது. அம்முடிவு நீங்கின் அங்கதம் வெறும் வேடிக்கையாகக் குறுகும்.

ஆகவே, இந்நூல் குருமரபைப் பழிக்கின்றதா, மனிதப் பேதைமையை நகைக்கின்றதா என்னும் விவாதத்தில், எப்பதிப்பு ஆதாரம் என்பதைச் சுட்டாத எம்முடிவும் நிறைவுடையதாகாது.